இருபத்து நாலாவது துணி

என் அண்ணி ஞேலே பயந்தால் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிடுவாள். அந்த வாரம் எங்கள் முற்றம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கூட்டப்பட்டது.

"போதும் அண்ணி, கூட்டிக் கூட்டி அடியில தண்ணி வந்துடப்போகுது."

"வந்தா நல்லதுதான். நீ கிணத்தடியில நின்னு வாயடிக்கிற நேரம் மிச்சமாகும்."

பதில் டாண் என்று வந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. புதன்கிழமை தலைநகரிலிருந்து ஆய்வாளர் வருகிறார். எங்கள் துணியில் பூச்சிமருந்தோ வேறு ரசாயனமோ படவில்லை என்று காகிதம் எழுதித் தருவதும் தராமல் போவதும் அவர் கையில் இருந்தது. அண்ணிக்கு அந்தப் பயம். எனக்கு இருந்த பயம் வேறு. அதை யாரிடமும் சொல்ல முடியாததால் எனக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை.

எங்களுடையது சின்னக் குடும்பத் தொழில். என் அண்ணன் ஸுமானா கையகலப் பட்டைகளாக நெய்வான். பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு துணி. அதன் மேல் பானி ஆற்றின் புளித்த சேற்றால் வரைவது ஞேலே. என்ன வடிவம், எங்கே கறுப்பு, எங்கே வெறுமை என்று முடிவு செய்வது அவள்தான். ஓரக்கரை போடுவது நான், வொரோகியா, அவளுடைய ஒரே நாத்தனார். எங்கள் சான் நகரத்தில் சேற்றுத்துணி செய்யாத தெருவே கிடையாது. அந்தக் கூட்டத்தில் எங்களைத் தனியாகக் காட்டியது ஞேலேயின் பிடிவாதம் மட்டும்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே அவள் ஆரம்பித்துவிட்டாள். அவள் பிறந்த ஊரில் ஆண்களின் வயலுக்குத்தான் பூச்சிமருந்து கிடைக்கும். பெண்களின் துண்டு நிலத்துக்கு ஒரு சொட்டும் வராது. அந்தப் பருத்தியை மட்டும்தான் வாங்குவேன் என்றாள். நான் அப்போது தெருவெல்லாம் போய்ச் சொன்னேன்: "மருந்து வாங்க வக்கில்லாத பருத்தியைப் பெருமையா தூக்கிட்டு வந்திருக்கா எங்க அண்ணி!" என் வாய் அப்படி. அது அவள் காதிலும் விழுந்தது. மறுநாள் எனக்கு நூல் சிக்கெடுக்கிற வேலையைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அடுத்தது வெள்ளை. மற்ற வீடுகளில் துணி முழுவதையும் இலைச்சாற்றில் முக்கி, சேறு பூசி, வெள்ளை வேண்டிய இடத்தை ப்ளீச்சிங் தண்ணியால் வெளுப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். ஞேலே அதை வீட்டு வாசலுக்குள்ளேயே விடவில்லை. கறுப்பு வேண்டிய இடத்தில் மட்டும் குச்சியால் இலைச்சாறு வரைவாள். காய்ந்தபின் அதே கோட்டின் மேல் சேற்றால் மறுபடி வரைவாள். சாறு படாத இடத்தில் சேறு பிடிக்காது, பருத்தி தன் நிறத்திலேயே நிற்கும். ஒரு துணிக்கு ஒன்பது நாள். இடையில் கை ஆடினால் போச்சு. அவள் கை ஆடி நான் பார்த்ததில்லை. புது வடிவம் எதையும் முதலில் முற்றத்து மணலில் வரைந்து, சுற்றி வந்து பார்த்து, காலால் அழித்து, மூன்று நாள் முணுமுணுத்த பிறகுதான் துணிக்கு வருவாள்.

இந்த வருஷம் தலைநகரக் கடை ஒன்று இருபத்து நாலு துணி கேட்டது. காகிதம் இருந்தால் வருஷா வருஷம் எடுப்போம் என்றது. காகிதம் கிடைக்காவிட்டால் அத்தனையும் திரும்பி வரும், ஞேலேயின் ஊர்ப் பெண்கள் மருந்து படாமல் விளைவித்த பருத்தி மருந்தடித்த குவியலோடு குவியலாகப் போய்விடும். இதெல்லாம் தெரிந்துதான் நான் அதைச் செய்தேன். என் மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் இன்னும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஞேலே ஆற்றுக்குப் போயிருந்தாள். நான் ஓரக்கரை போட்டபடி வேலிக்கு அந்தப் பக்கம் சலவைக்காரி பிந்தாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் மாப்பிள்ளை மோட்டார் பைக்கிலிருந்து விழுந்த கதை. சிரித்த சிரிப்பில் குச்சி ஆடி, முன்பே சாறு சிந்தியிருந்த இடத்தில் ஒரு துளி சேறு, நட்ட நடு வெள்ளையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு விழுந்தது. தேய்த்தேன். போகவில்லை. பிந்தாவிடம் தேநீர்க் குவளையில் கொஞ்சம் ப்ளீச்சிங் தண்ணி வாங்கித் தொட்டு வைத்தேன். நூறு எண்ணுவதற்குள் கறை போய்விட்டது. நன்றாகவே போய்விட்டது. சுற்றியிருந்த பருத்தி பால் ஆடை நிறத்தில் இருக்க, அந்த இடம் மட்டும் பளீரென்று பல்லைக் காட்டியது.

கழுவினேன், மறுபடி கழுவினேன். பிறகு கயிற்றில் மற்றவற்றோடு காயப் போட்டேன். கிணற்றுப் பக்கத்திலிருந்து மூன்றாவது. அதன் பிறகு அந்தக் கயிற்றுப் பக்கம் நான் தலையைத் திருப்பவே இல்லை.

அன்றிலிருந்து மனசுக்குள் ஒரே கணக்கு. ஆய்வாளர் இருபத்து நாலில் ஐந்து துணியில் நூல் வெட்டி எடுத்துப் போவாராம். ஐந்தில் அது இருக்குமா? இருந்தாலும் அந்த இடத்தில் வெட்டுவாரா? தெருவில் மோட்டார் பைக் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவள் பக்கத்தில் போய் நின்றேன். முதல் முறை, "என்னடி, பேய் பிடிச்ச மாதிரி நிக்கிற?" என்றாள். இரண்டாம் முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். அந்தப் பார்வை இன்னும் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. சாற்றுக்கான இலை விற்கும் மாமுரு, த்ராவோரே குலத்துக்காரர். நாங்கள் ஜாரா குலம். இரண்டுக்கும் கேலி முறை. அவர் எங்களைப் பயறு தின்னி, வேலைக்காரன் என்று வாய்க்கு வந்தபடி திட்டலாம், நாங்களும் திட்டலாம், யாருக்கும் கோபம் வரக்கூடாது. எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு பொருளின் மேல் கை வைத்து எனக்கு வேண்டும் என்றால் முகம் கோணாமல் கொடுத்தாக வேண்டும். வழக்கமாக ஒரு வெங்காயம், மிஞ்சிப் போனால் ஒரு சேவல்.

"துணியா? உங்க அண்ணி என்னைக் கொன்னுடுவா," என்றார் மாமுரு.

"கொல்ல முடியாது. முறை இருக்கே. கிணத்துப் பக்கத்துலேர்ந்து மூணாவது. நாளைக்கு மதியம் தொழுகை முடிஞ்சு வாங்க. காரணம் கேக்காதீங்க."

"பயறு தின்னி வீட்டுல புத்தி எங்கேர்ந்து வரும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏ பயறு தின்னிகளா! எசமான் வந்திருக்கேன், ஒருத்தரும் எந்திரிக்கலையே!"

"எசமானா? எங்க கழுதைக்கு இலை கொண்டு வந்த ஆளுன்னு நெனச்சோம்," என்றான் அண்ணன் தறியிலிருந்து.

"உங்க கழுதைக்கு உங்களைவிட மரியாதை தெரியும்." சொல்லிக்கொண்டே நேராகக் கயிற்றுக்குப் போனார். மூன்றாவது துணியில் கை வைத்தார். "தோமினியான்ல என் தங்கச்சி மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். எங்க வேலைக்காரங்க நெய்த துணி, நாங்க எடுத்துக்குறோம்."

ஞேலேயின் கையிலிருந்த துடைப்பம் நின்றது. பிறகு சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டும்.

"எடுத்துக்கோங்க. த்ராவோரே வீட்டுப் பொண்ணு துணியில்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு ஊர் பேசக்கூடாதில்ல."

மாமுரு போய்விட்டார். எனக்குத் தலையிலிருந்த பாரம் இறங்கியது. இருபத்து மூன்றுதான் இருக்கிறது, சரி, ஒன்று குறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கம்பங்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வயிறார உண்டேன். ஞேலே தொடவில்லை.

"சாப்பிடு அண்ணி. ஒரு துணிதானே."

"அது நான் போட்ட முதல் துணிடி." அவள் களித் தட்டைத் தள்ளி வைத்தாள். "ப்ளீச்சிங் இல்லாம, மருந்து இல்லாம, முதல்முதலா முழுசா வந்தது. பன்னெண்டு வருஷமா பெட்டியில வச்சிருந்தேன். என் மக கல்யாணத்துக்குன்னு."

எனக்குப் புரியவில்லை. "அது ஏன் கயித்துல இருந்துச்சு?"

"இருபத்து நாலுல ஒண்ணு குறைஞ்சுது. அதுக்குப் பதிலா அதே எடத்துல போட்டேன்."

"எது குறைஞ்சுது?"

அவள் எழுந்து போய்ப் பாயைச் சுருட்டி, அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். பிரிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளை இடம் மேலேயே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே பாத்துட்டேன்," என்றாள். "அப்பவே எடுத்துட்டேன்."

நான் எங்கெங்கோ சுற்றி, மாமுருவைக் கூப்பிட்டு, நாடகம் போட்டு, அவளுடைய முதல் துணியை என் கையாலேயே அனுப்பிவைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிந்தாவின் மாப்பிள்ளை விழுந்தது வரை. தோமினியானுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று அழுதேன். கல்யாணப் பெண்ணுக்கென்று கொண்டு போனதை எப்படித் திருப்பிக் கேட்பது? அதுவும் கேலி முறையில் கொடுத்ததை?

"ஏன் அண்ணி அன்னிக்கே என்னைக் கேக்கல? ரெண்டு அறை வச்சிருக்கலாமே!"

"மூணு நாளா நீ தூங்கல. நானும் தூங்கல," என்றாள் ஞேலே. "நான் கண்டுபிடிச்சிடுவேன்னு உனக்குப் பயம். நீ சொல்லாமலே இருந்துடுவியோன்னு எனக்குப் பயம். ஆய்வாளரைப் பத்தி நான் அவ்வளவு பயப்படல."

அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். சனோகோ என்ற ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. தறியைப் பார்த்தார், இலைப் பானையை மோந்து பார்த்தார், இருபத்து மூன்று துணிகளையும் எண்ணினார். ஐந்தில் நூல் வெட்டிக் காகித உறைகளில் போட்டார். எதிலும் பழுது கிடையாது. இனிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று நான் மூச்சை விடும்போது அவர் ஒரு தாளை ஞேலே முன் வைத்து வாசித்தார்.

"இந்தப் பருவத்துல, இந்த வீட்டுக்குள்ள, தடை செஞ்ச பொருள் ஏதாவது வந்துச்சா? இல்லன்னா இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

கெட்டுப்போன துணி பாய்க்கு அடியில் இருந்தது. கட்டி வைத்திருந்தவை எல்லாம் சுத்தம். இல்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? அண்ணன் தறியை நிறுத்திவிட்டான். ஞேலே பேனாவை வாங்கினாள், தாளின் மேல் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் கை ஆடுவதைப் பார்த்தேன்.

"வந்துச்சு," என்றேன். "ஒரு குவளை. நான்தான் கொண்டு வந்தேன். பேரு வொரோகியா ஜாரா. எழுதிக்கோங்க."

ஞேலே என்னைப் பார்க்கவில்லை. போய்ப் பாயின் அடியிலிருந்து துணியை எடுத்து வந்து அவர் முன் வைத்தாள், பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

சனோகோ வெகுநேரம் எழுதினார். ஐந்து போதாது என்று எல்லாத் துணியிலும் நூல் வெட்டினார். குவளை வந்த வேலியைக்கூடப் போய்ப் பார்த்தார், பிந்தா பயந்துபோய் வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முடிவு வர இருபத்தோரு நாள் ஆகும், தலைநகருக்கு அனுப்ப வேண்டும் என்றார். அந்த இருபத்தோரு நாளில் எங்கள் முற்றத்து மண் உண்மையாகவே பள்ளமாகிவிட்டது. நானும் ஒரு துடைப்பம் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் எதிரெதிரே கூட்டினோம்.

காகிதம் வந்தது. இருபத்து மூன்று துணியும் சுத்தம். கடை எடுத்துக்கொண்டது, அடுத்த வருஷத்துக்கும் கேட்டிருக்கிறது. காகிதத்தின் கீழே ஒரு வரி: வொரோகியா ஜாரா ஒரு வருஷத்துக்குச் சேற்றையோ சாற்றையோ துணியையோ தொடக்கூடாது.

இது ஏழாவது மாதம். தண்ணீர் இறைக்கிறேன், களி கிண்டுகிறேன், பருத்தி வாங்க ஊர் ஊராக அண்ணனோடு போகிறேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு முழுவதும் போய்விட்டது. சந்தையில் காசு கொடுக்கக் கையை நீட்டவே வெட்கமாக இருக்கிறது, எவளோ வேலை செய்யாத பணக்காரியின் கை மாதிரி. ஞேலே தன் பங்கையும் என் ஓரக்கரையையும் சேர்த்து ஒருத்தியாகப் போடுகிறாள். இருட்டும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். போன வாரம் அதைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணன், "என் சித்தப்பா மகள் நல்லா வரைவா, வச்சுக்கோயேன்," என்றான். நான் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆள் எதுக்கு?" என்றாள் ஞேலே, துணியிலிருந்து நிமிராமல். "ஆள் இருக்கா. ஒரு வருஷம் லீவுல போயிருக்கா."