பதினான்காவது கேள்வி

சிறு தொழில்களில் அறிவு எப்படிக் கைமாறுகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவரிடம் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். நான் பிடிவாதமாகச் சேர்த்த பதினான்காவது கேள்வி, ‘தொழில் நுணுக்கங்களைப் போட்டியாளரிடம் சொல்வீர்களா?’

“அதெப்படிங்க சொல்லுவோம்?” என்றார். ‘இல்லை’ என்று குறித்தேன்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. எங்கோ வடக்கே, தோண்டிய குழிக்குள் பாறையைத் துளைக்கும் பிட்டு சிக்கிக்கொண்டதாம். அதை எடுக்கும் வழியை அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

“உங்க வண்டிங்களா?” என்றேன்.

“எதுத்த ஆபீஸ்காரரு வண்டிங்க. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. அதான் அவரு டிரைவர் கூப்புடறாரு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு ரப்பரை எடுத்தேன்.

“இல்லைன்னே இருக்கட்டுங்க. அடுத்து அவருகிட்டத்தான போவீங்க?”