மின்விசிறியிடம் பேசுகிறவர்

“மோர் வேணுமான்னு கேளு.”

என் அக்காவின் கணவர் சிங்காரம் மாமா இதை மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார். மோர் வேண்டியவரோ அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்: மாப்பிள்ளை இளவரசு. கேட்டுச் சொல்கிற வேலை நடுவில் இருக்கும் அவர் மகள் அனுப்பிரியாவுக்கு. அவள் தன்னிஷ்டத்துக்குப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து மாமா மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வஞ்சிர மீனின் நடுத்துண்டு மட்டும் தவறாமல் மாப்பிள்ளை தட்டுக்கே போகும். என்ன மனுஷரோ!

மாமா குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். இரைச்சலுக்கு நடுவே வேலை செய்து செய்து வீட்டிலும் பாதிப் பேச்சு சைகைதான். “மோட்டார் ஓடறப்ப கத்தி என்னா ஆவப்போவுது? ஆபத்துல நின்னா சட்டையப் புடிச்சி இழு, அவ்ளோதான்” என்பார்.

இந்தப் பங்குனியில் பெங்களூரிலிருந்து வந்த மகளையும் மாப்பிள்ளையையும் பிச்சாவரம் அழைத்துப் போனோம். சிதம்பரத்தில் காபிக்கு நின்றபோது அனுப்பிரியா என் காதோரம் சொன்னாள்: “இந்தத் தடவையும் அப்பா அவர ஒரு ஆளா மதிக்கலன்னா, இனிமே நான் இங்க வரமாட்டேன்.” நான் இதை அக்காவிடம் சொல்லவில்லை.

துடுப்புப் படகு சுரபுன்னைக் காட்டின் குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்தது. எங்களைப் படமெடுக்க மாப்பிள்ளை முன்பக்கம் முதுகைக் காட்டி எழுந்து நின்றார். படகோட்டியும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தடித்த கிளை, சரியாக மாப்பிள்ளையின் பிடரி உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் கத்துவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“ஒக்காரச் சொல்லு” என்றார் மாமா, தண்ணீரைப் பார்த்து.

மாப்பிள்ளை காதில் விழாமல் இல்லை. ஆனாலும் நின்றார். அனுப்பிரியா வாயால் வந்தால்தான் அது தனக்கான பேச்சு என்று பழகிப்போயிருந்தது அவருக்கு. அவளோ கிளையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்கப்பா.”

மாமா வாயைத் திறந்தார். உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. கிளை கையெட்டும் தூரத்தில். சட்டென்று எட்டி, லைஃப் ஜாக்கெட்டுக்குக் கீழே தொங்கிய சட்டை நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். மாப்பிள்ளை மாமாவின் மடியிலேயே வந்து விழுந்தார். கிளை எங்கள் தலைக்கு மேலே இலைகளை உரசிக்கொண்டு போனது.

படகுத்துறை வந்தது. அக்கா இறங்கினாள், நான் இறங்கினேன், அனுப்பிரியாவும் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாவின் கை மாப்பிள்ளையின் சட்டையை இன்னும் விட்டிருக்கவில்லை.