அண்ணி கேட்ட நல்ல தண்ணீர்

என் அண்ணிக்குத் தையல் தொழில். வாசல் அறையில் இயந்திரம், அதன் தலைக்குமேல் ஒரு குழல்விளக்கு, கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. அளந்ததை மறுபடி அளக்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டார். ஒரே ஒரு முறை அந்த வழக்கம் தவறியது. அதைக் குடும்பக் குறிப்பில் சேர்க்காமல் விடுவது முறையாகாது.

அண்ணியின் மகள் தன் கைக்குழந்தையோடு வந்து சில வாரம் தங்குவதாக இருந்தது. குழந்தை அப்போதுதான் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் இரண்டு நீர். குழாயில் வருவதில் மருந்து வாடை அடிக்கும் என்பதால் அது பாத்திரம் துலக்க. கிணற்று நீர் தித்திக்கும் என்பதால் அதுவே குடிக்க. அந்தக் கிணற்றில் தாமே இறங்கித் தூர்வாரியவர் என் அண்ணன், பேருந்து ஓட்டுநர்.

"பாப்பாவுக்கு எந்தத் தண்ணிம்மா குடுக்கறது?" என்று மகள் தொலைபேசியில் கேட்டதற்கே அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இது ஒரு கேள்வியா? தெருவே வந்து குடத்தை நீட்டுது!"

அண்ணி வாதாடவில்லை. குடிநீர் அலுவலகத்துக்குப் போய், "எங்க தெருப்பக்கம் கிணத்துல ஊறுறது நல்ல தண்ணிதானே சார்?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் பூராவும் நல்ல தண்ணிதாம்மா" என்றார் பொறியாளர்.

அன்று மாலை அண்ணன் நடந்த நடையைப் பார்த்தால், கிணற்றுக்கே பதவி உயர்வு கிடைத்துவிட்டதாகத் தோன்றும்.

மகள் வருவதற்குள் வாடிக்கைக்காரர் ஒருவர் சட்டையும் கையுமாகச் சண்டைக்கு வந்தார். "நல்ல துணின்னு சொன்னீங்களேம்மா! துவைச்சா வேட்டியெல்லாம் சிவந்துபோச்சு!"

"துணி நல்ல துணிதாங்க. சாயம் போகுமான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்ற அண்ணி, சொன்ன வாயோடு நின்றுவிட்டார். தாமும் அப்படித்தான் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. வேறு துணியில் தைத்துத் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, மறுபடியும் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

"உப்பு இல்லாததைத்தாம்மா நல்ல தண்ணின்னேன்" என்றார் பொறியாளர். "கிருமி இருக்கான்னா, சோதிச்சாத்தான் தெரியும்."

"அப்போ குழாயில வர்றது?"

"ஏரித் தண்ணி. வடிகட்டி, குளோரின் போட்டு விடுறோம். நாறுதுன்னு எல்லாரும் திட்டுறீங்களே, அந்த வாடைதான் அதுக்குக் காவல்."

இரண்டு நீரையும் சோதனைக்குக் கொடுத்தார். குழாய் நீரில் குறை இல்லை. கிணற்றில் கழிவுநீர்க் கிருமி இருந்தது. கழிப்பறைக் குழி கிணற்றை ஒட்டித்தான் இருக்கிறது.

"இத்தனை காலம் குடிக்கிறேன், ஒரு வயித்துவலி உண்டா?" என்று அண்ணன் பொருமினார்.

"உங்க வயிறு பஸ் ஸ்டாண்டு டீயில பழகின வயிறு. பாப்பா வயிறும் அப்படியாங்க?"

சாயம் போன சட்டையின் கதையையும் அண்ணி அவரிடம் சொன்னார். மறுநாள் அவரே கிணற்று வாளியைச் செடிகளின் பக்கம் மாற்றி வைத்தார். குடம் நீட்ட வந்தவர்களிடமும் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

குழந்தை வந்த அன்று அண்ணி குழாய் நீரைக் காய்ச்சி ஆற வைத்தார். அண்ணன் முதலில் தாம் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "என்னது, வாடையே இல்லை?"

"காய்ச்சினா போயிடும். அதை விட்டுட்டு இத்தனை நாளா மூக்கைச் சுளிச்சுக்கிட்டு இருந்தோம்."

அண்ணன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கரண்டி புகட்டினார். அவள் சப்புக்கொட்டிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"பாத்தியா, நல்ல தண்ணின்னு அவளுக்கே தெரியுது!"

"எந்த நல்ல தண்ணி?" என்றார் அண்ணி.

அண்ணன் அடுத்த கரண்டியை எடுத்தபடி சொன்னார்: "சாயம் போகாத நல்ல தண்ணி."