எங்கள் நெல்லும் அவர்களின் இலாபமும்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கத்து நெல் ஆலையொன்று கம்பனியாக மாறிப் பங்கு விற்றது. என் கணவருக்குப் பங்கு வாங்க ஆசை. கையில் காசு இல்லை. சவளக்கடையில் என் பெயரில் வயல் இருந்தது. வாப்பா எனக்குச் சீதனமாக எழுதியது. எங்கள் சோறு அதிலிருந்துதான் வந்தது. அதை விற்க ஆளையும் பார்த்துவிட்டார். உறுதி எழுதும் நொத்தாரிசு முன் நான் கையெழுத்து வைத்தால் போதும்.

ஆலையின் கணக்கறிக்கையை என் முன் போட்டார். வழவழப்பான தாள்.

"இஞ்ச பாரு புள்ள, லாபத்தப் பாரு. போன வருசத்த விட ரெண்டு மடங்கு."

அவர் பார்த்தது அந்த ஒரு வரியை. ஊரே அதைத்தான் பார்த்தது. நான் பள்ளியில் வர்த்தகம் படித்தவள். உத்தியோகம் தராத படிப்பு. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு மற்ற வரிகளையும் வாசித்தேன்.

ஆண்டு முழுதும் வாங்கிய நெல் கொஞ்சம். விற்ற அரிசி நிறைய. அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் களஞ்சியம் நிரம்ப நெல் மிஞ்சியிருந்தது. இந்த மிச்சத்தை, இறுதி இருப்பை, கூட்டிக் காட்டினால் காகிதத்தில் இலாபமும் கூடும். வாங்காத நெல் எங்கிருந்து வந்தது?

கணக்கு முடித்தது மார்ச் கடைசியில். பெரும்போகம் அறுத்து முடிந்த நேரம். அப்போது விலை விழுந்து கிடக்கும். அதனால் எங்கள் ஆட்கள் நெல்லை ஆலையில் வைத்துவிட்டு, விலை ஏறியதும் விற்பார்கள். ஆலைக்குக் காவல் வேலை மட்டும்தான். காவல் காத்த நெல்லைத் தன் நெல் என்று எழுதியிருந்தது.

"மச்சான், நம்மட நெல்லு எங்க இரிக்கி?"

"மில்லுல."

"அத அவனுகள் லாபத்துல போட்டிரிக்கானுகள். நம்மட நெல்லக் காட்டி நமக்கே பங்கு விக்கிறானுகள்."

"கணக்குப் பாக்கிற ஆள் கையெழுத்து வெச்சிரிக்காரே."

"அவர் வந்து மூடைய எண்ணினத்த நீங்க கண்டீங்களா?"

"உனக்கு ஆரயும் நம்ப ஏலா."

"ஓம், ஏலா. உழவு மெசினக் கொண்டு போய் நெல்ல ஏத்திட்டு வாங்க. முழுசா வந்தா நாளைக்கே கையெழுத்து வெக்கிறன்."

அஸர் தொழுகைக்குப் பிறகு வெறும் பெட்டியோடு மெசின் திரும்பி வந்தது.

"என்னவாம்?"

"பங்கு எடுக்கப் போற ஆள் நெல்லுக் கேக்கலாமா எண்டு மில்லுக்காரன் கேக்கான்."

"நெல்லு?"

"கொழும்புக்குப் போயிட்டாம்."

வயல் வாங்க இருந்தவரிடம் விற்பனை இல்லையென்று சொல்லக் கணவரையே அனுப்பினேன். நெல்லுக்கான காசை ஆலை மாதக்கணக்கில் இழுத்து, விழுந்த விலைக்கே தந்தது. சொந்தக்காரர் பலருக்கு விசயத்தைச் சொன்னேன். பொம்பளைக்கு என்ன கணக்கு என்றார்கள். பங்கு வாங்கினார்கள். பங்குக் காசு போன பிறகு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

அடுத்த போகத்து நெல்லை வீட்டு நடு அறையில் அடுக்கினோம். எலி கொஞ்சம் தின்றது. ஆனால் அது எனக்குப் பங்கு விற்க வரவில்லை.