பிரேக் ஆயில் சாப்பிட்ட ட்யூப்

மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் சமாளிக்கவே முடியாத பாகம் எதிரில் நிற்கிற வாடிக்கையாளர்தான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றிய சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்புச் சுருள்

கொல்கத்தாவின் பெஹாலாவில் நான் சேல்ஸ்மேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு டிஸ்க் பிரேக் பைக்குகள் பெருகின. பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கால் பிரேக்கை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு குட்டி ட்யூப் போகும். அது கெட்டுப்போனால் ஊரே பெட்ரோல் போகிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ‘கண்ணாடி’ ட்யூபை வெட்டி மாட்டிக்கொண்டது. பிரேக் ஆயிலில் ஊறினால் அது விறைத்து, வெடித்து, ஒழுகும்.

அதனால் பிரேக் ஆயிலைத் தாங்குகிற கறுப்பு ரப்பர் ட்யூபைப் பெரிய சுருளாக வரவழைக்கச் சொன்னேன். வந்தது. வந்த இடத்திலேயே உட்கார்ந்தும் விட்டது. முதலாளி பைக்கில்கூடக் கண்ணாடி ட்யூப்தான். ஒருநாள் சுருளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பே இல்லை. “மத்ராசி, விஸ்வகர்மா பூஜைக்குள்ள இது விக்கலேன்னா, உன் கழுத்துல மாலையா போட்டு ஹவுராவுல மெட்ராஸ் ரயில் ஏத்திடுவேன்.”

யார் சாப்பிடுவது?

பெங்காலியில் தண்ணீரையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள். நானும் அந்த வழியிலேயே போனேன். கண்ணாடி ட்யூப் கேட்டு வந்த ஒரு தாதாவிடம் (ரவுடி இல்லை, அங்கே தாதா என்றால் அண்ணன்), “இதை பிரேக் ஆயில் சாப்பிட்டுவிடும்” என்று என் ஓட்டைப் பெங்காலியில் எச்சரித்தேன். மனுஷர் உருகிப்போனார்.

“சாப்பிடட்டும் விடுங்க, தாதா. ஊரே சாப்பிடுது, அது மட்டும் பட்டினி கிடக்கணுமா?”

சிங்கமும் பூனையும்

காளிகாட்டிலிருந்து வந்த சுந்தரம் சார் பேங்க் ஆபீசர். தமிழ் பேசுகிறவர், என் விளக்கத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று நினைத்தேன். அவரோ கறுப்பு ட்யூபை மோந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

“ஏம்ப்பா, பெட்ரோலையே தாங்கற ட்யூபு இந்தச் சாதுவான ஆயிலைத் தாங்காதா? சிங்கத்தை அடக்கினவன் பூனைக்கு பயந்தானாம்னு சொல்றியே!”

ஒரு கிளாஸ், இரண்டு குழாய்

சொல்லிப் புரியாததைக் காட்டிப் புரியவைப்போம் என்று ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிரேக் ஆயில் ஊற்றி, கண்ணாடி ட்யூப் துண்டு ஒன்றும் கறுப்புத் துண்டு ஒன்றும் போட்டுக் கவுன்ட்டரில் வைத்தேன். நாலு நாளில் கண்ணாடி ட்யூப் விறைத்துப் பழுப்பேறியது, மற்றது வைத்தபடி இருந்தது. ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை. பார்த்தவர் டீ கொண்டுவரும் போலா தாதா ஒருவர்தான். குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், கண்ணடித்தார்.

“ஒரு கிளாஸ் சர்பத்து, ரெண்டு ஸ்ட்ரா! யாரு தாதா அந்தப் பொண்ணு?”

பூஜை

நம்மூர் ஆயுத பூஜை மாதிரி வண்டிக்கும் கருவிக்கும் செய்கிற விஸ்வகர்மா பூஜை வந்தது. என் துணிமணிகளை மனசுக்குள் மடித்து வைத்துவிட்டேன். கடை வாசலில் பந்தல், பந்தலில் சாமி, சாமிக்குப் பக்கத்தில் ஆறவைத்த பருப்புக் கிச்சடியான கிச்சுரி ஓர் அண்டா. வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள், சுந்தரம் சாரும்.

முதலாளி பைக்கில் மெல்ல ஊர்வலமாக வந்தார். கை பிரேக்கைப் பிடிக்க வேண்டிய கையால் எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே கால் பிரேக்கை மிதித்தார். பைக் நிற்கவில்லை. பூஜை செய்ய வந்த ஐயர் ஒரு பக்கம் தாவினார், நான் ஒரு பக்கம் தாவினேன். பைக் அண்டாவில் மோதி நின்றது. முதலாளி இடுப்பளவு கிச்சுரியில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றுமில்லை, கோபம்தான். பைக்கின் கண்ணாடி ட்யூப் வெடித்து பிரேக் ஆயில் சொட்டியது.

எல்லோரும் அதையே பார்த்தார்கள். சுந்தரம் சார் தன் பைக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“ஐயையோ, பூனை கடிச்சிடுத்தே! எனக்கு ஒரு துண்டு கறுப்புல வெட்டுப்பா!”

அன்று சாயங்காலத்துக்குள் சுருள் தீர்ந்தது: நான் தொண்டை கிழியக் கத்தியும் விற்காததை ஓர் அண்டா கிச்சுரி விற்றுக்கொடுத்தது.