அவர் குரல், அவர் விரல்

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். "கழுக்குன்றம் ஏறு!" என்று ஸ்டாண்டையே அதிரவைத்த அந்தக் குரல், தொண்டைப் புற்றுநோய் ஆபரேஷனோடு போய்விட்டது. அப்புறம் எங்கள் வீட்டில் சைகைதான்.

கம்ப்யூட்டர் படிக்கும் மகள், அவருடைய பழைய வாட்ஸ்அப் பேச்சுகளைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, அதே குரலைப் போனில் வரவழைத்தாள். அவர் டைப் செய்தால் போன் பேசுமாம்.

"வோணாம்டி, பயமா கீது! நாளைக்கு எவனாச்சும் இதே கொரல்ல பேசி என்னை ஏமாத்தினா?" என்று கத்தினேன்.

"ஒரு தபா கேளும்மா," என்றாள்.

அவர் மெதுவாக டைப் செய்தார்.

"ஏமே, இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?" என்றது போன்.

அதே கரகரப்பு, அதே எகத்தாளம்.

மறுபடி டைப் செய்தார். இந்த முறை போன் என் பெயரைச் சொன்னது.

கல்யாணமான நாளாக அவர் வாய் என்னை 'ஏமே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு அவ்வளவு வெட்கம். வாய் ஒருநாளும் சொல்லாததை இயந்திரம் எப்படிச் சொன்னது? பதறிப்போய் அவர் கையைப் பார்த்தேன். என் பெயரைத் தட்டிய விரல் இன்னும் திரைமேலேயே இருந்தது. புது மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

என் பயம் போய்விடவில்லை. அந்தக் குரலை யார் வேண்டுமானாலும் எதையும் பேசவைக்கலாம். அதனால் போன் பேசும்போதெல்லாம் முதலில் அவர் விரலைப் பார்க்கிறேன். அப்புறம்தான் "இன்னாய்யா?" என்கிறேன்.