ஊரிகளை அவித்த பாவம்

முழுநிலவு இரவில் மீன் பாடும் என்று பேர்பெற்ற மட்டக்களப்பு வாவியின் பாட்டை நிறுத்தியவன் நான்தான் என்று ஒரு காலத்தில் முழுதாக நம்பியிருந்தேன். அவ்வளவு பெரிய ஆள்! அப்போது என் காற்சட்டை இடுப்பில் நிற்காது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பாதகத்தைச் செய்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். அக்காவுக்குப் பழுகாமத்தில் சம்பந்தம் முடிவானதும் அப்பா சுவர்களுக்கு வெள்ளை அடித்தார். மற்ற அலங்காரமெல்லாம் அக்காவின் பொறுப்பு. கண்ணாடியைச் சுற்றிச் சிப்பி ஒட்டினாள். நடு வாசலுக்கு ஊரித் திரை கோத்தாள். ஊரி என்பது வாவிச் சேற்றில் ஊர்ந்து திரியும் சின்னச் சங்கு. அள்ளிவருவது என் வேலை. அவள் அவற்றை அவித்து, மணலில் புதைத்து, எறும்பு தின்று முடித்தபின் கழுவி, ஆணியால் துளையிட்டுத் தங்கூசி நூலில் கோப்பாள். காற்று வந்தால் திரை முழுவதும் கிலுகிலுக்கும். மத்தியானத்தில் அதன் கீழே படுத்தால் மூடிய கண்ணுக்குள் தண்ணீர் அசையும்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் அப்பா வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “வாவிக்குள்ள பாடுறது மீன் இல்ல மனே, ஊரிதான்.”

சொல்லிவிட்டு அவர் துப்பப் போய்விட்டார். நான் தலைக்கு மேலே தொங்கிய பாடகர்களைப் பார்த்தேன். வாவி பெரிதுதானே, இன்னும் நிறைய இருக்கும் என்று மறுபக்கம் புரண்டு படுத்தேன்.

மச்சானாக வரப்போகிறவர் அக்கரையிலிருந்து தோணியில் வந்துபோவார். பறுவம் என்ற முழுநிலவு நாளொன்றில், அக்காவை வாவிப் பாட்டுக் கேட்கக் கூட்டிப் போகவா என்று கேட்டார்.

“தம்பியும் வருவான்” என்றார் அம்மா. நான் காவல்.

பொழுது சாய்ந்து, எங்கள் கரைத் தென்னைகளுக்குப் பின்னால் நிலவு மஞ்சளாக எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. தோணி மிதக்கிறதா, வானத்தில் தொங்குகிறதா என்று சொல்ல முடியாது. மச்சான் என்னை முன்பக்கத்தில், அவர்களுக்கு முதுகு காட்டி இருத்தினார். தோணி வலிக்கும் சவளின் பிடியை என் காதில் வைத்தார்.

“மத்த நுனிய நான் தண்ணிக்குள்ள பிடிச்சிருக்கன். கண்ண இறுக்கி மூடு. திறந்தியெண்டா பாட்டு நிண்டிரும்.”

மூடினேன். ஈர மரத்தின் வாசனை வந்தது. பாட்டு வரவில்லை.

“கேக்குதா?”

“இல்ல மச்சான்.”

“அவசரப்படாத. நல்லா மூடு.”

மூடிய கண்ணுக்குள் வாவி நீண்டுகொண்டே போனது, ஒரு முனகல்கூட இல்லாமல். அப்போதுதான் விளங்கியது. பாடகர்கள் எல்லாரையும் அவித்துவிட்டோம்! பாட்டுக் கேட்க வரும் வெள்ளைக்காரர்கள் அழுதுகொண்டு திரும்புவார்கள். பொலிஸ் வரும். எங்கள் நடு வாசலில் சாட்சிகள் கிலுகிலுக்கும். மாப்பிள்ளை பயந்து அக்கரையிலேயே நின்றுவிடுவார்.

கரை தட்டியதும் குதித்து ஓடினேன். திரையைப் பிடித்து இழுத்ததில் பாதி கையோடு வந்தது.

“கலியாணத் திரையை என்ன மனே செய்யிறாய்? பேய் பிடிச்சிட்டா?” என்று அம்மா கத்தினார்.

“திருப்பிப் போடவேணும்! வாவி செத்துப்போச்சு! ஒண்டும் கேக்கல்ல!”

மச்சானோடு பின்னாலேயே ஓடிவந்த அக்கா இரண்டு அறையாவது தருவாள் என்று கன்னத்தைப் பொத்தினேன். அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் முகட்டைப் பார்த்தார். பிறகு அக்கா தானே ஒரு சரத்தை அறுத்து என் கையில் வைத்தாள்.

“இதப் போடு, காணும். மிச்சத்தை விடு ராசா.”

போட்டேன். அடுத்த பறுவத்தில் சவள் வழியாகக் கேட்டது. தவளை ஒன்று வாயைத் திறக்காமல் யோசிப்பதைப்போல ஒரு ரீங்காரம். வாவியைக் காப்பாற்றிய கதையைக் கலியாண வீட்டில் பந்தி பந்தியாகச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. மச்சான் மட்டும் எனக்கு இரண்டாவது வட்டிலப்பம் வைத்தார்.

நான் இழுத்து அறுத்ததையெல்லாம் அக்கா மறுபடி கட்டிவிட்டாள். ஆனால் அந்தத் திரையில் ஒரு சரத்தின் இடம் இன்றும் வெறுமையாக இருக்கிறது. அக்கா அதை நிரப்பவேயில்லை.

பின்னாளில்தான் தெரிந்தது, முதல் நாள் சவளின் மறுமுனை தண்ணீரில் இருக்கவில்லை. அது மச்சானின் மடியில் இருந்தது. அதன்மேல் அக்காவின் கை இருந்தது.